ஓவியருக்கு அறக்கட்டளை ஏன் பணம் தருகிறது?

ஓவியர் ஒருவருக்கு அறக்கட்டளை ஒன்று பெரிய தொகை கொடுத்திருக்கிறது என்று செய்தி வந்தால் போதும், பேச்சு மூன்று தினுசாகப் போகும். "பெரிய விருது வாங்கிட்டார்" என்பார் ஒருவர். "எந்தப் படத்தை இவ்வளவு விலைக்கு எடுத்தாங்க?" என்பார் இன்னொருவர். "அங்கே ஆள் தெரிஞ்சா கிடைக்கும்" என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். முதல் இரண்டும் தவறு. மூன்றாவதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது, ஆனால் அவர் நினைக்கிற மாதிரி இல்லை. அதைப் பின்னால் பார்ப்போம்.

இந்தக் குழப்பத்தில் பாதிக்கப்படுவது விண்ணப்பிக்கத் தகுதியிருந்தும் ஒதுங்கிக்கொள்கிற ஓவியர்கள்தான். "நமக்கெல்லாம் யார் விருது தரப்போறாங்க" என்று விட்டுவிடுகிறார்கள். கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல், தரவே வழியில்லாத இடத்தில் கேட்டு ஏமாறுகிறவர்களும் நிறைய.

கலைஞன் கைக்கு வரும் பணம்

ஒரு ஓவியரிடம் பணம் எந்தெந்த வழியில் வரும் என்று யோசியுங்கள். படத்தை விற்றால் வருவது விலை. இன்ன அளவில் இன்ன சுவருக்கு வரைந்து கொடு என்று சொல்லிக் கொடுப்பது கூலி. போட்டியில் ஜெயித்தால் பரிசு. இனிமேல் வரையப்போகும் படத்துக்காக கேலரிக்காரர் முன்கூட்டியே தருவது முன்பணம். திருப்பித் தர வேண்டியது கடன்.

விலையும் பரிசும் செய்து முடித்த வேலைக்கு வருபவை. கூலியும் முன்பணமும் செய்யப்போகும் வேலைக்கு வந்தாலும், அந்த வேலையின் மீது கொடுத்தவருக்கு ஒரு பாத்தியதை உண்டு.

நல்கை என்பது இந்தப் பட்டியலில் எதிலும் சேராதது. கலைஞர் இனிமேல் வேலை செய்வதற்காக ஓர் அமைப்பு தருகிற, திருப்பித் தர வேண்டாத, பதிலுக்குப் படத்தைக் கேட்காத பணம் அது. வரைந்த படம் வரைந்தவருக்கே சொந்தம். விற்றால் வருகிற காசும் அவருக்கே.

வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதை அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக்கின் வாழ்க்கையில் பார்க்கலாம். 1943-இல் நியூயார்க்கில் கேலரி நடத்திய பெக்கி குக்கன்ஹைம் அவருடன் ஓர் ஒப்பந்தம் போட்டார். மாதம் 150 டாலர். அதுவரை ஒரு கலைக்கூடத்தில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அது பெரிய விடுதலைதான். ஆனால் அது முன்பணம். ஆண்டு முடிவில் விற்பனை ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் மிச்சம் பொல்லாக்குக்கு. தாண்டாவிட்டால் குறைகிற தொகைக்குப் படங்களாகக் கொடுத்து ஈடுகட்ட வேண்டும். பிறகு வந்த ஒப்பந்தத்தில் மாதத் தொகை கூடியது, பிடியும் இறுகியது. ஆண்டுக்கு ஒரு படத்தை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டு, மற்றதெல்லாம் பெக்கிக்கு என்று ஆனது.

பெக்கியைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. வாங்க ஆளில்லாத காலத்தில் துணிந்து காசு போட்டவர் அவர். அது வியாபாரம், வியாபாரத்துக்கு உரிய கணக்கு அதில் இருந்தது. நல்கையில் அந்தக் கணக்கு கிடையாது என்பதுதான் விஷயம்.

இதுவரை சொன்னதன் சாரம்: செய்த வேலைக்கு வருவது விலை அல்லது பரிசு. பதிலுக்கு எதையாவது கேட்டு வருவது கூலி அல்லது முன்பணம். வரப்போகும் வேலைக்கு, படத்தின் மேல் உரிமை கேட்காமல் வருவது நல்கை.

அந்தப் பணம் யாருடையது?

பதிலுக்கு எதுவும் வேண்டாம் என்றால் யார் கொடுப்பார்கள்? பெரும்பாலும், இறந்துபோன ஒருவர்.

பொல்லாக் 1956-இல் கார் விபத்தில் இறந்தார். அவருடைய மனைவி லீ கிராஸ்னரும் ஓவியர்தான், அதுவும் சாதாரண ஓவியர் அல்ல. 1984-இல் அவர் இறந்தபோது, திறமையிருந்தும் பணமுடையில் இருக்கும் கலைஞர்களுக்கு உதவ ஓர் அறக்கட்டளை தொடங்கும்படி உயிலில் எழுதி வைத்திருந்தார். அடுத்த ஆண்டே பொல்லாக்-கிராஸ்னர் அறக்கட்டளை தொடங்கியது. மாதம் 150 டாலரை எதிர்பார்த்துக் கிடந்த ஒருவரின் படங்கள் பின்னாளில் பெற்ற மதிப்பு, இன்று முன்பின் தெரியாத ஓவியர்களின் ஸ்டுடியோ வாடகையாகிக்கொண்டிருக்கிறது. எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் உள்ள கலைஞர்கள் அதைப் பெற்றிருக்கிறார்கள்.

இப்படி எழுதி வைக்கப்படும் சொத்து மூலநிதி. இதைப் புரிந்துகொள்ள வாடகை வீடு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டை விற்கக் கூடாது, வரும் வாடகையை மட்டும் செலவழிக்கலாம் என்று ஏற்பாடு. வாடகையிலும் ஒரு பகுதி கூரை ஒழுகாமல் பார்க்கப் போகும். குடியிருப்பவர் காலி செய்த வருடம் கை கொஞ்சம் இறுகும். அறக்கட்டளையின் மூலநிதி பங்குகளிலும் பத்திரங்களிலும், சில இடங்களில் ஓவியங்களாகவும் இருக்கும். அதிலிருந்து வரும் வருமானம்தான் வாடகை. சம்பளம், கணக்குத் தணிக்கை, வரி ஆகியவைதான் கூரைச் செலவு.

அமெரிக்காவில் இதற்கு ஒரு சட்டக் கணக்கும் உண்டு. தனியார் அறக்கட்டளை, அதாவது ஒருவரோ ஒரு குடும்பமோ போட்ட பணத்தில் நடக்கும் அறக்கட்டளை, தன் முதலீட்டு மதிப்பில் சுமார் 5 சதவீதத்தை ஆண்டுதோறும் அறப்பணிக்குச் செலவிட்டாக வேண்டும். அறப்பணியை நடத்துவதற்கான நிர்வாகச் செலவும் அதில் சேரும். அறம் என்று பெயர் வைத்து வரிச்சலுகை வாங்கிக்கொண்டு பணத்தைப் பூட்டி வைப்பதைத் தடுக்க வந்த விதி இது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் அறக்கட்டளையிடம் 2 கோடி டாலர் முதலீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 சதவீதம் என்றால் 10 லட்சம். நிர்வாகச் செலவுக்கு 2 லட்சம் போனால் மிச்சம் 8 லட்சம். ஆளுக்கு 20,000 டாலர் என்றால் 40 பேருக்குத் தரலாம். விண்ணப்பம் ஆயிரம் வந்தால், 960 பேருக்கு "வருந்துகிறோம்" என்று கடிதம் போகும். அந்த 960 பேரும் மோசமான ஓவியர்களா? கணக்கே அவ்வளவுதான்.

எழுதி வைத்தவர் போட்ட கோடு

விண்ணப்பிக்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போய்விடும் இடம் இது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம் என்று தோன்றுகிறது.

அறக்கட்டளை தனக்குப் பிடித்ததற்கெல்லாம் பணம் தர முடியாது. எதற்காகத் தொடங்கப்பட்டதோ அந்த நோக்கம் ஆவணமாகப் பதிவாகியிருக்கும். நிர்வாகிகள் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். ஆகவே ஒவ்வோர் அறக்கட்டளையும் ஒரு குறிப்பிட்ட வகை ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறது.

சிலவற்றைப் பாருங்கள். கனடாவின் மான்ட்ரியாலில் இருக்கும் எலிசபெத் கிரீன்ஷீல்ட்ஸ் அறக்கட்டளை 1955-இல் ஒருவர் தன் தாயின் நினைவாகத் தொடங்கியது. வளர்ந்துவரும் இளம் கலைஞர்களுக்கு அது உதவும். ஆனால் உருவம் தெரியும்படியான ஓவியம், கோட்டோவியம், சிற்பம் என்றால்தான். அரூப ஓவியத்துக்கு அங்கே இடமில்லை. பொல்லாக் இளைஞராக இருந்து, தான் பெயர் வாங்கிய அந்தத் தெறிப்போவியங்களோடு அங்கே போய் நின்றால் அவருக்கே கிடைக்காது.

நியூயார்க்கின் அடால்ஃப் அண்ட் எஸ்தர் காட்லீப் அறக்கட்டளை இதற்கு நேர்மாறு. 1976-இல் தொடங்கப்பட்ட அது, தன் கலையில் முதிர்ச்சி அடைந்த பிறகு குறைந்தது 20 ஆண்டுகள் இயங்கிய ஓவியர், சிற்பி, தகட்டிலிருந்து அச்செடுத்துப் படைக்கும் அச்சோவியர் ஆகியோருக்கானது. நேற்று கல்லூரி முடித்தவர் எவ்வளவு மேதையாக இருந்தாலும் கதவு திறக்காது. தீ, வெள்ளம், திடீர் மருத்துவச் செலவு என்று இடி விழுந்தவர்களுக்கு அவசர நல்கையும் அங்கே உண்டு. அதற்கு 10 ஆண்டு அனுபவம் போதும், ஆனால் நடந்தது எதிர்பாராத பேரிடராக இருக்க வேண்டும். பல வருடமாகச் சேர்ந்த கடனை அந்தக் கணக்கில் காட்ட முடியாது.

நாற்பது வயதைத் தாண்டிய பெண் கலைஞர்களுக்கென்றே 1996-இல் ஒரு திட்டம் வந்தது. பெயர் அனானிமஸ் வாஸ் எ வுமன். ஆளுக்கு 25,000 டாலர் என்று தொடங்கியது. கொடுத்தவர் யார் என்பது 2018 வரை வெளியே தெரியாது. சூசன் அன்டர்பெர்க் என்ற கலைஞர் தானே முன்வந்து சொன்ன பிறகுதான் தெரிந்தது. அமெரிக்க அரசின் கலை நிதியமைப்பு தனிக் கலைஞர்களுக்குத் தந்துவந்த உதவி தொண்ணூறுகளின் நடுவில் நின்றுபோனதுதான் இது பிறக்கக் காரணம். நாற்பது வயது என்று கோடு போட்டதும் யோசித்துத்தான். இளம் திறமை என்று கொண்டாடும் வயது போய், மூத்தவர் என்று மதிக்கும் வயது வராத இடைவெளியில் பல பெண்கள் காணாமல் போகிறார்கள்.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் பெயரில் உள்ள அறக்கட்டளை பெரியது, பெயர் பெற்றது. அதனாலேயே பலர் முதலில் அங்கே போகிறார்கள். ஆனால் அது தனி ஓவியருக்கு நேரடியாகப் பணம் தருவதில்லை. அருங்காட்சியகங்கள், கலை அமைப்புகள் போன்றவற்றுக்குத்தான் தருகிறது. தனி ஆளாக அங்கே விண்ணப்பம் தயாரிக்க உட்கார்ந்தால் உழைப்பு வீண்.

சாரம் ஒன்றுதான். "நான் நல்ல ஓவியனா?" என்ற கேள்விக்கு முன்னால் "இவர்கள் தேடும் ஆள் நானா?" என்ற கேள்வி வருகிறது. இரண்டாவதற்கு "இல்லை" என்பது பதிலானால் முதலாவதை யாரும் கேட்கவே மாட்டார்கள்.

'தொழில்முறை' என்றால் என்ன?

பல நல்கைகளின் முதல் நிபந்தனை, விண்ணப்பிப்பவர் தொழில்முறைக் கலைஞராக இருக்க வேண்டும் என்பது. ஓவியம் விற்று மட்டுமே சாப்பிடுகிறவர் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அப்படிப் பார்த்தால் உலகத்தில் மிகச் சிலரே தேறுவார்கள். பகலில் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு இரவில் வரைகிறவரும் தொழில்முறைக் கலைஞர்தான். தொடர்ந்து வேலை செய்கிறாரா, அந்த வேலையை கேலரி, அருங்காட்சியகம் போன்ற பொது இடங்களில் காட்சிக்கு வைக்கிறாரா என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

இந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பவர்கள் யார்? பொல்லாக்-கிராஸ்னர் அறக்கட்டளையை எடுத்துக்கொண்டால் மாணவர்கள், விளம்பரத்துக்கும் வணிகத்துக்கும் வரைகிறவர்கள், புகைப்படக்காரர்கள், வீடியோ கலைஞர்கள். ஓவியம், சிற்பம், காகிதத்தில் செய்யும் வேலைகள் (அச்சோவியமும் இதில் சேரும்) ஆகியவற்றுக்குத்தான் அது. புகைப்படம் கலை இல்லையா என்று சண்டை போடலாம். கலைதான். அதற்கு வேறு அறக்கட்டளைகள் இருக்கின்றன.

தகுதியா, தேவையா?

கலைத்தகுதி என்பது வேலையின் தரம். பொருளாதாரத் தேவை என்பது பணமுடை. இந்த இரண்டில் எதைப் பார்ப்பது என்பதில் அறக்கட்டளைகள் பிரிகின்றன.

1925-இல் தொடங்கிய குக்கன்ஹைம் ஃபெலோஷிப் என்ற நல்கை தகுதியைப் பார்க்கும். பெக்கியின் பெரியப்பா-சித்தப்பா வரிசையில் ஒருவர், இறந்துபோன தன் மகன் பெயரில் வைத்தது அது. பேரிடர் நல்கைகளில் தேவைக்குத்தான் கனம் அதிகம். பொல்லாக்-கிராஸ்னர் போன்றவை இரண்டையும் சேர்த்துக் கேட்கின்றன. வேலை நன்றாக இருக்க வேண்டும், கையிலும் காசு இல்லாமல் இருக்க வேண்டும். ஆகவே வருமானக் கணக்கு, வீட்டுச் செலவு, மருத்துவச் செலவு எல்லாம் எழுத வேண்டிவரும்.

இந்த இடத்தில் நம்மில் பலருக்குக் கூச்சம் வந்துவிடும். கண்காட்சிப் பட்டியலை இரண்டு பக்கம் எழுதியவர், கஷ்டத்தை ஒரே வரியில் பூசி மெழுகுவார். இன்னும் சிலர் எதிர்ப்பக்கம் சாய்ந்து, வேலையைப் பற்றி நாலு வரியும் துயரத்தைப் பற்றி நாலு பக்கமும் எழுதுவார்கள். இரண்டும் உதவாது. மாத வருமானம் இவ்வளவு, ஸ்டுடியோ வாடகை இவ்வளவு, ஆகவே வருடத்தில் இத்தனை மாதம் வரைய முடியவில்லை என்று எண்களாகச் சொன்னால் போதும். எண்ணில் கெஞ்சல் தெரியாது.

தேர்வு அறைக்குள்

தேர்வுக்குழு என்பது விண்ணப்பங்களைப் பார்த்து முடிவு சொல்லும் ஓவியர்கள், கண்காட்சி அமைப்பாளர்கள், விமர்சகர்கள் ஆகியோரின் சிறு கூட்டம். அவர்கள் முதலில் பார்ப்பது படங்களை, அதாவது உங்கள் ஓவியத்தின் புகைப்படங்களை. மூல ஓவியம் அந்த அறைக்கு வருவதில்லை.

இது சின்ன விஷயமாகத் தெரியும். நல்ல விண்ணப்பங்கள் அடிபடுவது இங்கேதான். எண்ணெய் ஓவியத்தின் மேல் ஃபிளாஷ் அடித்து, நடுவில் வெள்ளையாக ஒரு திட்டு. ஓரத்தில் ஜன்னல் திரை. கண்ணாடிச் சட்டத்துக்குள் படமெடுத்தவரின் நிழல். கேன்வாஸ் சாய்ந்து நிற்பதால் மேல்பக்கம் ஒடுங்கிப் போன செவ்வகம். ஒரு குழு ஒரே நாளில் நூற்றுக்கணக்கான படங்களைத் திரையில் பார்க்கும்போது, "நேரில் பார்த்தால் நன்றாக இருக்கும்போல" என்று யாரும் சலுகை தருவதில்லை. மேகமூட்டமான பகல் வெளிச்சத்தில் சட்டத்தைக் கழற்றி, கேமராவைப் படத்துக்கு நேராக வைத்து எடுத்த படம் போதும். அடுத்தது வரிசை. பத்துப் படம் கேட்டால், இருபது வருட வேலையிலிருந்து பத்து வகையைப் பொறுக்கி அனுப்பத் தோன்றும். பத்துப் பேர் வரைந்தது மாதிரி இருக்கும் அது. சமீபத்திய வேலை, ஒன்றோடொன்று பேசுகிற மாதிரி இருப்பது நல்லது.

படத்துக்குப் பிறகு கலைஞர் குறிப்பு. தன் வேலை என்ன என்று கலைஞரே எழுதும் ஒரு பக்கம் அது. "என் படைப்புகள் மனித இருப்பின் ஆழங்களைத் தேடுகின்றன" என்று எழுதினால் அந்த வரி யாருக்கும் பொருந்தும். "ஆஸ்பத்திரிகள் கழித்துப்போட்ட எக்ஸ்ரே பிலிம்களின் மேல் வரைகிறேன். பிலிமில் ஏற்கெனவே இருக்கும் எலும்பின் நிழலை மறைக்காமல் அதைச் சுற்றி வண்ணம் போடுகிறேன்" என்று எழுதினால், படிப்பவர் உடனே படத்தை மறுபடி திறந்து பார்ப்பார்.

பிறகு செலவுக் கணக்கு. செப்புத் தகடு, மை, காகிதம், அச்சு இயந்திரத்துக்கான வாடகை, ஸ்டுடியோ வாடகை, சொந்தச் சாப்பாட்டுச் செலவு. ஆமாம், சாப்பாட்டுச் செலவையும் பல அறக்கட்டளைகள் ஏற்கின்றன. பழைய கடனை அடைக்க, வீடு வாங்க, வழக்குச் செலவுக்கு என்றால் பெரும்பாலும் ஏற்பதில்லை. வேறு யாரோ கேட்டுச் செய்யும் சுவரோவியத்தின் செலவையும் ஏற்பதில்லை, அதற்குத்தான் கூலி இருக்கிறதே.

ஆள் தெரிந்தால் கிடைக்குமா?

சில நல்கைகளுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. அமெரிக்காவின் மெக்ஆர்தர் ஃபெலோஷிப் அப்படித்தான். ரகசியமாக நியமிக்கப்பட்டவர்கள் பெயர்களை முன்மொழிவார்கள், தேர்வான பிறகுதான் கலைஞருக்கே தெரியும். ஓவியர் ஜோன் மிட்செல் பெயரில் உள்ள ஃபெலோஷிப்பும் முன்மொழிவில்தான் ஓடுகிறது. இந்த வகையில், உங்கள் வேலையைப் பார்த்த நாலு பேர் இருப்பது உண்மையிலேயே உதவும். கண்காட்சிக்குப் போவதும் ஸ்டுடியோவைத் திறந்து வைப்பதும் இதனால் வீண்போவதில்லை.

விண்ணப்பம் வாங்கும் அறக்கட்டளைகளில் நிலைமை வேறு. அமெரிக்காவில் தனியார் அறக்கட்டளை தனி நபர்களுக்கு நல்கை தருவதானால், தேர்வுமுறை பாரபட்சமற்றது என்று வரித்துறையிடம் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். குழுவில் இருப்பவரின் மாணவரோ உறவினரோ வந்தால் அவர் விலகிக்கொள்வது வழக்கம். இதையெல்லாம் மீறி ரசனை என்று ஒன்று இருக்கிறது. ஒரு குழுவுக்குப் பிடிக்காத வேலை அடுத்த ஆண்டின் குழுவுக்குப் பிடிக்கும். மறுபடி விண்ணப்பிக்கச் சொல்வது அதனால்தான்.

இதில் ஓர் எச்சரிக்கை. "உங்களுக்கு நல்கை ஒதுக்கியாகிவிட்டது, செயலாக்கக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்" என்று மின்னஞ்சல் வந்தால் அது மோசடி. பணம் கொடுக்கிறவர், கொடுப்பதற்காக உங்களிடமே பணம் கேட்க மாட்டார்.

கிடைத்த பிறகு

தொகை ஒரே தடவையில் வரலாம், தவணையாகவும் வரலாம். ஜோன் மிட்செல் ஃபெலோஷிப்பில் 60,000 டாலரை ஐந்து ஆண்டுகளுக்குப் பிரித்துத் தருகிறார்கள். நல்கைக்காலம் முடிந்ததும் ஓர் அறிக்கை கேட்பார்கள். பணம் எப்படிச் செலவானது, என்ன வேலை நடந்தது என்று இரண்டு மூன்று பக்கம், கூடவே புதிய வேலையின் படங்கள். வரையத் திட்டமிட்ட பன்னிரண்டு படத்தில் ஐந்துதான் முடிந்தது என்றால் அதையே எழுதலாம், எண்ணிக்கைக்காக யாரும் பணத்தைத் திரும்பக் கேட்பதில்லை. காகிதத்துக்கு என்று வாங்கிய பணத்தில் ஒழுகும் ஸ்டுடியோ கூரையைச் சரிசெய்ய வேண்டி வந்தால்தான் சிக்கல். செலவழித்துவிட்டு அறிக்கையில் சொல்வதைவிட, முன்கூட்டியே ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிடுவது மேல். நியாயமான காரணத்தைப் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

கடைசியாக வரி. அறக்கட்டளைக்கு வரிச்சலுகை இருப்பதால் வாங்குகிறவருக்கும் இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அமெரிக்காவிலேயே இப்படிக் கலைஞர் பெறும் நல்கை பொதுவாக வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படுகிறது. மற்ற நாடுகளில் விதி வேறுவேறு. பணம் வந்த வாரத்திலேயே கணக்கர் ஒருவரைப் பார்த்து, வரிக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அந்தத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, அதன் பிறகு வண்ணக்கடைக்குப் போகலாம்.